நெஞ்சின் சாட்சியம்

ஒரு பாடலைக் கேட்ட மாத்திரத்தில், "இஃது இன்னார் பாடியதே, இதில் ஐயமில்லை" என்று அறுதியிட்டுக் கூறிவிடுகின்ற அன்பர்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சான்று என்னவென்று கேட்டால் அவர்கள் நம்மை இரக்கத்தோடு நோக்குவார்கள். சர்க்கரை இனிக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பவனைப் பார்க்கின்ற பார்வை அது. சென்ற சாரல் பருவத்தில் தென்காசியில் உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்தபோது நமக்கும் அத்தகைய பார்வை ஒன்று கிடைத்தது.

அவ்வில்லத்தின் மூத்த பெண்மணி, நாம் மாமி என்று அழைப்பவர், பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய தாயார் அரபுத் தமிழில் எழுதி வைத்தது. பெரும்பாலும் பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் பாடல்கள். நடுவில் ஒரு பாடல், நாம் பார்த்த அச்சுப் பிரதிகள் எதிலும் இல்லாதது. மாமி அதைத் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினார். உள்ளம் உருகியது உண்மை.

"இதுவும் அப்பா பாட்டுதானா மாமி?" என்றோம்.

"பின்னே? வேறெ யாரு இப்படிப் பாடுவா?"

"எப்படித் தெரியும்?"

"நெஞ்சு சொல்லுதே மருமகனே! அதுக்கு மேலே என்ன வேணும்?"

நாம் வாதாடவில்லை. ஆனால் மறுநாள் குற்றாலத்துக்குப் பேருந்தில் சென்றபோது ஒன்று நினைவுக்கு வந்தது. மாமி கூறிய இதே விடையை, மிகுந்த கல்வியோடும் கம்பீரத்தோடும், அந்த அருவியூரில் வீற்றிருந்து ஒருவர் தமிழுலகத்துக்குக் கூறிக்கொண்டிருந்தார். அவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 'இதய ஒலி' என்றே தம் நூலொன்றுக்குப் பெயர் சூட்டியவர்.

1882இல் பிறந்து 1954இல் மறைந்த டி.கே.சி., தென்காசியைப் பூர்விகமாகக் கொண்டவர். திருநெல்வேலியில் அவர் இல்லத்து முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி'யும், பின்னாளில் குற்றாலத்தில் அவரைச் சூழ்ந்த இலக்கிய விருந்தும் பெயர் பெற்றவை. இராஜாஜியும் கல்கியும் அங்கு அமர்ந்து கம்பனைக் கேட்டார்கள். தமிழ்ச் செய்யுளைப் பண்டிதர்களின் உரைச் சிறையிலிருந்து விடுவித்து, எளிய மனிதரின் நாவில் வைத்தவர் அவர் என்றால் மிகையன்று. அந்த நன்றிக்கடனை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறோம்.

கம்பனைப் பற்றிய வழக்கு நமக்கு எதற்கு என்று எவரேனும் கேட்கலாம். வாலி வதையை ஆராய்ந்து 'மூன்று வினாக்கள்' எழுதிய நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள் நாகூரிலிருந்து வந்தவர் என்பதை நினைவூட்டுவதோடு அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம். வழக்கு கம்பனைப் பற்றியது மட்டுமன்று என்பது போகப் போக விளங்கும்.

இராமாயணப் பதிப்புகளில் கம்பர் பெயரால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் உள்ளன. இவற்றுள் பிறர் பாடிச் செருகியவை கலந்துள்ளன என்பதில் கற்றோரிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை. வெள்ளியம்பலத் தம்பிரான் என்ற பெயரோடு இணைத்தே இச்செருகல்களைப் பேசும் மரபும் உண்டு. எது செருகல், எது மூலம் என்று எப்படி அறிவது? இங்குதான் டி.கே.சி. துணிந்து இறங்கினார். உணர்ச்சியும், உணர்ச்சிக்கேற்ற தாளமும், வடிவமும் அமையாத செய்யுளைக் கம்பர் பாடியிருக்க முடியாது என்றார். மிகப் பல பாடல்களைத் தள்ளினார். கொண்ட பாடல்கள் சிலவற்றிலும் சொற்களை மாற்றினார். 'கல்கி'யில் கம்பர் தரும் காட்சிகளாக வெளிவந்தபோதும், பின்னர் 'கம்பர் தரும் ராமாயணம்' என்று நூல் வடிவம் பெற்றபோதும் வாசகர்கள் கண்டது இந்தக் கம்பரைத்தான்.

அவருடைய வாதத்தை அலங்காரங்களைக் களைந்துவிட்டு எழுதிப் பார்ப்போம். கம்பர் மகாகவி; மகாகவி மட்டமான செய்யுள் பாடமாட்டார்; இச்செய்யுள் மட்டமானது; ஆகவே இது கம்பருடையதன்று. கேட்பதற்கு மறுக்க முடியாததைப் போல் தோன்றும். ஆனால் கம்பர் மகாகவி என்பது எதிலிருந்து தெரிந்தது? அவருடைய பாடல்களிலிருந்துதானே? அப்பாடல்களில் மட்டமானவை அனைத்தையும் முதலில் வெளியேற்றிவிட்டு, எஞ்சியவற்றைக் காட்டி, "பார்த்தீர்களா, கம்பர் ஒரு மட்டமான செய்யுள்கூடப் பாடவில்லை" என்றால் அது நிறுவப்பட்டதாகுமா? சாட்சிக் கூண்டுக்கு யார் வரலாம் என்பதை வாதியே முடிவு செய்து அனுப்பிய வழக்கு இது. மேலும், மகாகவிகளும் அயர்ந்த நாட்கள் உண்டு. பத்தாயிரம் விருத்தம் பாடிய ஒருவர் ஒருநாளும் அயரவில்லை என்று கொள்வது அவரை மனிதராகக் கருதாமையே ஆகும். சொல்லை மாற்றியது இன்னும் ஒரு படி மேலே சென்ற செயல். ஆவணத்தைத் தாமே திருத்திவிட்டு, அதையே ஆவணம் என்று எப்படி நீட்டுவது?

இதற்கு நேர் எதிர்த்திசையில் நின்றவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அவரும் நெல்லைச் சீமையினர். இருவரும் சட்டம் பயின்றவர்கள் என்பது இந்த வழக்கின் சுவையான செய்தி. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய அவருக்கு ஏடு பேசவேண்டும். எத்தனை சுவடிகளில் இப்பாடல் உள்ளது, எவற்றில் இல்லை, பாடபேதம் என்ன என்று பார்த்த பின்னரே முடிவு. பின்வந்த பதிப்புகளில், ஐயத்துக்குரிய செய்யுட்களை நீக்கிவிடாமல் 'மிகைப் பாடல்கள்' என்று தனியே தொகுத்துத் தந்த முறை இந்த வழியில் வந்ததுதான்.

அப்படியானால் ஏட்டின் பக்கம் தீர்ப்பு எழுதிவிடலாமா? அவசரம் வேண்டாம். நமக்குக் கிடைத்துள்ள ஏடுகள் கம்பருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. நம் நாட்டு வெயிலும் மழையும் கறையானும் பனையோலையை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. எல்லா ஏடுகளிலும் ஒரு பாடல் இருப்பதால், அவ்வேடுகளுக்கெல்லாம் மூலமான ஓர் ஏட்டில் அது இருந்தது என்பது மட்டுமே தெரியும். அம்மூல ஏட்டை எழுதியவனே செருகியிருந்தால்? கம்பர் காலமே இன்னும் தீராத வழக்காயிற்றே! சகாப்தம் 807, அதாவது கி.பி. 885 என்று கணக்கிடுவோர், ஒரு தனிப்பாடலைச் சான்று காட்டுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு என்போர் அப்பாடலையே நம்புவதில்லை. சான்றுக்குச் சான்று, அதற்கும் ஒரு சான்று என்று தேடிப் போனால் நிற்க இடமில்லை.

இந்த நிற்க இடமில்லாத நிலையைத் தம் வாழ்விலேயே அனுபவித்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058இல் தூஸ் நகரத்துப் பகுதியில் பிறந்து, பக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரியில் 1091 முதல் பேராசிரியராக விளங்கி, 1095இல் அனைத்தையும் துறந்து வெளியேறியவர். 'அல் முன்கிது மினல் ளலால்' என்ற நூலில் தம்மைப் பற்றிய ஐயத்தின் வரலாற்றைத் தாமே எழுதியுள்ளார். கண் நட்சத்திரத்தைப் பொற்காசளவு என்று சொல்கிறது. கணிதமோ அது பூமியினும் பெரிதென்று நிறுவுகிறது. நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் கூறும்; சற்றுப் பொறுத்துப் பார்த்தால் நகர்ந்திருக்கும். தென்காசிச் சாலையிலிருந்து குற்றாலத்தை நோக்குபவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைமேல் ஒரு வெள்ளை நூல் தொங்குவதாகக் கண் சொல்லும். அதன் கீழ் போய் நின்றவனின் தோள் வேறு சொல்லும்.

புலன் பொய் சொல்கிறது என்று பகுத்தறிவு கண்டுபிடித்தது. பகுத்தறிவு பொய் சொல்வதைக் கண்டுபிடிக்க அதற்கு மேலொரு நீதிபதி இருந்தால்? கனவில் இருக்கும்போது கனவை எவரும் ஐயுறுவதில்லையே! இந்த வினா இமாம் அவர்களை ஏறத்தாழ இரண்டு திங்கள் நோயாளியாக்கிற்று. சான்று கொண்டு இதைத் தீர்க்க இயலாது; ஏனெனில் எந்தச் சான்றும் முதல் உண்மைகள் சிலவற்றை நம்பியே எழும்புகிறது. அவையே ஐயத்துக்குள்ளாகிவிட்டன. முடிவில் வாதத்தாலோ சொற்கோப்பாலோ அன்றி, இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் தாம் மீண்டதாக எழுதுகிறார்.

இங்கே ஓர் இடைச்சொல். 1641இல் பிரெஞ்சு மெய்யியலார் தெகார்த் எழுதிய தியானங்களிலும் புலனையும் கனவையும் பற்றிய இதே ஐயம் வருகிறது. "கஸ்ஸாலியிடமிருந்து எடுத்துக்கொண்டார்" என்று நம் மேடைகளில் கைதட்டலுக்கிடையே முழங்குகிறார்கள். ஒப்புமை உண்டு, எடுத்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. சான்றின் எல்லையைப் பற்றிய நூலை வைத்துக்கொண்டே சான்றில்லாத பெருமை பேசுவது இமாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகத் தோன்றவில்லை.

"பார்த்தீர்களா, இமாம் அவர்களே நெஞ்சின் ஒளியைத்தானே இறுதிச் சான்றாகக் கொண்டார்! மாமி கூறியதும், ரசிகமணி கூறியதும் அதுதானே?" என்று கேட்கத் தோன்றும். மேலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஞானிகள் அடையும் அறிவுக்கு இமாம் அவர்கள் இடும் பெயர் 'தவ்க்'. அதன் நேர்ப்பொருள் சுவை! போதையின் இலக்கணத்தை மருத்துவன் அறிவான். குடித்தவனோ இலக்கணம் அறியாமலேயே போதையில் இருக்கிறான். ஆரோக்கியத்தின் காரணங்களை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. இந்த உவமைகள் அனைத்தும் இமாம் அவர்களுடையவையே. பண்டிதரிடம் டி.கே.சி. கொண்ட சலிப்பும் இதுதான்: இலக்கணம் அறிந்தவர், கவிதையைச் சுவைத்தறியாதவர்.

ஆயினும், நூலைக் கூர்ந்து பயில்வோர்க்கு வேறுபாடு புலப்படாமல் போகாது. அதே நூலின் தொடக்கத்தில் இமாம் அவர்கள் ஒரு கற்பனையைத் தருகிறார். ஒருவன் வந்து, "பத்தைவிட மூன்று பெரிது, இதை நிரூபிக்க இந்தக் கோலைப் பாம்பாக்குகிறேன்" என்று சொல்லி, நம் கண்முன்னே அப்படியே ஆக்கியும் விடுகிறான். இமாம் அவர்கள் என்ன செய்வார்? அவன் திறத்தை வியப்பாராம். பத்து மூன்றினும் பெரிது என்பதில் மட்டும் அணுவளவும் ஐயங்கொள்ளமாட்டாராம். வியப்பு வேறு, நிறுவல் வேறு. குற்றாலத்தில் டி.கே.சி. ஒரு விருத்தத்தை நிறுத்தி, நெகிழ்ந்து, மீண்டும் மீண்டும் பாடிக் காட்டியது கோலைப் பாம்பாக்கிய வித்தையே. கேட்டவர்கள் மெய்ம்மறந்தார்கள். ஆனால் மெய்ம்மறந்தவர்களின் கண்ணீர், கம்பர் இதைப் பாடினார் என்பதற்கோ மற்றதைப் பாடவில்லை என்பதற்கோ சாட்சியாகாது.

திருமறையில் உறுதிக்கு மூன்று பெயர்கள் வருகின்றன: இல்முல் யகீன், ஐனுல் யகீன், ஹக்குல் யகீன். நம் ஆலிம்கள் வழக்கமாக நெருப்பைக் கொண்டு விளக்குவார்கள். குற்றாலத்தில் இருந்துகொண்டு நெருப்பைத் தேடுவானேன்? அருவி விழுகிறது என்று ஊரார் சொல்லக் கேட்பது ஒன்று. கண்ணால் காண்பது ஒன்று. பேரருவியின் கீழ் நின்று, மூச்சு முட்ட, நீர் முதுகில் அறைவதை உணர்வது மூன்றாவது. கீழே நிற்பவனிடம் நீரின் குளிர்ச்சிக்கு எவரும் சான்று கேட்பதில்லை. ஆனால் இந்நீர் மேலே எந்தச் சுனையில் பிறந்தது, வழியில் எத்தனை ஓடைகள் இதில் கலந்தன என்று கேட்டால், அவனுடைய முதுகு விடை சொல்லாது. அதற்கு மலையேறிச் சென்று பார்க்கவேண்டும். 'இப்பாடல் என்னை உருக்குகிறது' என்பது ஹக்குல் யகீன். மறுக்க எவருக்கும் உரிமையில்லை. 'இப்பாடல் இன்னாருடையது' என்பது செய்தி. செய்திக்குரிய விசாரணை வேறு.

செய்தியை விசாரிக்கும் கலையில் நம் முன்னோருக்கு ஈடு காண்பது அரிது. அழகான வாசகம் என்பதற்காக எதையும் அவர்கள் நபி (ஸல்) அவர்கள் பெயரில் ஏற்றுக்கொண்டாரில்லை. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இருவரும் சந்தித்ததுண்டா, நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். சீன தேசம் வரை சென்றாயினும் கல்வியைத் தேடுமாறு கூறும் வாசகம் நம் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் ஒலிக்காத ஆண்டில்லை. இமாம் பைஹகீ அவர்கள் அதன் வாசகம் பிரசித்தமானது, அறிவிப்பாளர் தொடரோ பலவீனமானது என்றார். இப்னுல் ஜவ்ஸீ அவர்களோ இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டார். எவ்வளவு நல்ல கருத்து! நெஞ்சைக் கேட்டிருந்தால் 'ஆம்' என்றே கூறியிருக்கும். இன்னொரு செய்தி, சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே 'இஹ்யா'வில் அவ்வாசகத்தைக் கையாண்டுள்ளார். ஹதீஸ் துறையில் தம் சரக்கு சொற்பமே என்று அன்னாரே ஒப்புக்கொண்டதுமுண்டு. இஹ்யாவின் நபிமொழிகளைப் பின்னாளில் ஒவ்வொன்றாக ஆய்ந்து, பலவற்றைப் பலவீனமானவை என்று காட்டிய ஹாபிள் இராக்கீ அவர்களின் பணி இமாம் அவர்களைச் சிறுமைப்படுத்திவிடவில்லை.

டி.கே.சி.யின் பக்கம் பேச ஒரு வலுவான சாட்சி உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தொடரைப் பாராமலேயே இட்டுக்கட்டிய ஹதீஸை அறிந்துகொள்ள முடியுமா என்ற வினாவுக்கு இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) தம் 'அல் மனாருல் முனீஃப்' நூலில் முடியும் என்றே விடையளிக்கிறார். நபிமொழியில் தோய்ந்து, அது குருதியோடு கலந்துவிட்டவருக்கு அந்தத் திறன் வாய்க்கும் என்கிறார். பழகிய கை நாணயத்தைத் தட்டிப் பார்த்தே கள்ளக்காசு என்று சொல்லிவிடுமல்லவா? ஆகவே தோய்ந்த ரசனையை வெறும் மனப்பாங்கு என்று தள்ளிவிட இயலாது. கம்பரில் டி.கே.சி. தோய்ந்த அளவு தோய்ந்தவர் வெகு சிலரே. அவர் ஐயுற்ற பாடல்களில் பல, ஐயுறத்தக்கனவே என்பது நம் எண்ணம்.

ஆனால் இப்னுல் கையிம் அவ்வளவோடு நின்றாரில்லை. அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: சிறிய செயலுக்கு அளவு மீறிய நன்மை கூறுதல், திருமறைக்கு முரண்படுதல், கண்கூடான அனுபவத்துக்கு மாறாக இருத்தல் என்று. கத்தரிக்காய் எல்லா நோய்க்கும் மருந்து என்று ஒரு வாசகம் உலவியதாம். உண்டு பார்த்தவர் எவரும் அதன் பொய்யைச் சொல்லிவிடலாம். இப்படி அடையாளம் சொல்லிவிட்டால், தோய்ந்திராத நாமும் சரிபார்க்கலாம், மறுக்கலாம். "என் இதயம் சொல்கிறது" என்று மட்டும் கூறினால் அங்கே உரையாடல் முடிந்துவிடுகிறது. மறுப்பவன் இதயமில்லாதவன் ஆகிவிடுகிறான். டி.கே.சி.யின் அவையில் பலர் மௌனமானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சட்டம் பயின்ற ரசிகமணி அறிந்திருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுவோம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 'மெய்ப்பிக்கப்பட்டது' என்பதற்கு ஐயமே அற்ற உறுதியைக் கேட்டதில்லை. விவேகமுள்ள ஒருவர் நம்பிச் செயல்படத்தக்க அளவுக்கு நிகழ்தகவு இருந்தால் போதும் என்றது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விலக்கணம் மாறவில்லை. நம் உசூல் நூலாரும், பலர் பலரிடமிருந்து அறிவித்த முதவாத்திர் செய்தி உறுதி தரும், தனிச்செய்தி மேலோங்கிய எண்ணத்தைத் தரும், அந்த எண்ணத்தைக் கொண்டும் செயற்படலாம் என்றே பெரும்பாலும் வகுத்தார்கள். உறுதிக்கும் ஐயத்துக்கும் இடையே எத்தனையோ படிகள்.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். பீர்முகம்மது அப்பா (ரஹ்) தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியவர். 'ஞானப்புகழ்ச்சி' அங்கே ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் விடிய விடியப் பாடப்படுகிறது. அன்னார் பாடியவை பதினெட்டாயிரம் என்று ஒரு மரபு உண்டு. கையில் இருப்பவை அத்தனை இல்லை. இப்பாடல்களில் மெய்ஞ்ஞானப் பரிபாஷை மிகுதி. சில அடிகளைக் கண்டு இக்காலத்தவர் சிலர் திடுக்கிடுகின்றனர். திடுக்கிட்டவுடன் அவர்கள் கூறுவதென்ன? "இது கொள்கைக்கு ஒத்து வரவில்லை, ஆகவே அப்பா பாடியிருக்கமாட்டார், எவரோ செருகிவிட்டார்." மற்றொரு சாரார், மாமியைப் போல, உருக்கமான எதையும் அப்பாவின் பெயரில் எழுதிக்கொள்கின்றனர். முன்னவர் தம் கொள்கையைக் கொண்டு பாடலைத் தள்ளுகிறார், பின்னவர் தம் நெஞ்சைக் கொண்டு சேர்க்கிறார். ஏட்டை எவரும் தேடவில்லை. குற்றாலத்தில் கம்பருக்கு நேர்ந்தது நம் தென்காசிக் கவிஞருக்கும் நேர்ந்துவிடும் போலிருக்கிறது. கம்பருக்காவது எதிர்த்துக் கேட்க ஒரு வையாபுரிப் பிள்ளை இருந்தார்.

அப்பாவின் பாடல்களை எவரேனும் மீண்டும் பதிப்பிக்க முனைந்தால், அவர்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. கிடைத்த அனைத்தையும் அச்சிடுங்கள். எந்த ஏடு, எந்த ஊர், எவர் வீட்டு நோட்டு என்று குறியுங்கள். ஐயத்தை அடிக்குறிப்பில் எழுதுங்கள், கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அரபுத் தமிழ் நோட்டுகள் நம் இல்லங்களில் பரண்மேல் கிடக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். தள்ளப்பட்ட பாடலை நாளை ஒருவர் தேடினால் எங்கே போவார்?

குற்றாலத்திலிருந்து திரும்பிய மாலை, மாமியின் அனுமதியோடு அந்தப் பாடலைப் படியெடுத்துக்கொண்டோம். தலைப்பில் இரண்டு வாக்கியங்கள் எழுதினோம்: "பாடியவர் யாரென்று தெரியவில்லை. இவ்வீட்டில் மூன்று தலைமுறையாக அப்பா பாடியதென்று பாடி வருகிறார்கள்." எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினோம். முதல் வாக்கியத்தை அடித்துவிடுமாறு கூறினார். நாம் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும். ரெண்டாவதைக் கொஞ்சம் பெரிசா எழுது" என்று சொல்லி நோட்டை வாங்கித் துணியில் சுற்றி வைத்தார்.